ஆறாத தையல்: டொராண்டோ நுரையீரல் மாற்று ஆய்வும் அதன் பிறகும்

1963 முதல் 1983 வரையிலான இருபது ஆண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 40 பேருக்கு நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களில் ஒருவர்கூட ஓராண்டைத் தாண்டவில்லை. பெரும்பாலானோர் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் இறந்தார்கள். பிறகு 1983 நவம்பர் 7 அன்று கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போன 58 வயது நோயாளி ஒருவருக்கு ஒற்றை நுரையீரலை மாற்றினார்கள். அவர் வீடு திரும்பினார், வேலைக்குப் போனார், ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாகப் பலரும் ஒரே மருந்தைச் சொல்வார்கள்: மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின். அது பாதி உண்மைதான். டொராண்டோ குழு 1978-இல் தோற்ற பிறகு இந்த வெற்றியை எட்ட ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலையைத்தான் இந்த நிகழ்வு ஆய்வு பார்க்கிறது. புதிய அறுவை முறை எதையும் தேடி அவர்கள் கிளம்பவில்லை. இறந்தவர்கள் எந்த நாளில், உடலின் எந்த இடம் விட்டுப்போய் இறந்தார்கள் என்ற கேள்வியில் தொடங்கினார்கள். மாற்று சிகிச்சையின் பலன்கள் பற்றிய ஆய்வு அன்று எப்படி நடந்ததோ, இன்றும் அதே பாதையில்தான் நகர்கிறது என்பது என் கணிப்பு. ஒரு காரணத்தை அடைத்தால், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த காரணம் வெளியே வருகிறது.

தோல்விகளின் பட்டியல்

முதல் மனித நுரையீரல் மாற்று 1963 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்சன் நகரில் நடந்தது. செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. நோயாளிக்கு நுரையீரல் புற்றுநோய், கூடவே சிறுநீரகக் கோளாறு. அவர் ஓர் ஆயுள் தண்டனைக் கைதி. 18 நாட்கள் உயிரோடு இருந்தார். இறந்தது சிறுநீரகம் செயலிழந்து. மாற்றிய நுரையீரல் மனித உடலுக்குள் வேலை செய்யும் என்பதை அது காட்டியது. ஆனால் சிறைக்குள் இருக்கும் ஒருவர், தண்டனை குறையலாம் என்ற பேச்சு காதில் விழும் சூழலில் கொடுக்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவ வரலாற்றில் இதைச் சாதனையாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோவது சரியில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆங்காங்கே ஒன்றிரண்டு முயற்சிகள் நடந்தன. நீண்ட நாள் வாழ்ந்தவர், 1968-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஃப்ரிட்ஸ் டெரோம் அறுவை செய்த இளைஞர். பத்து மாதங்கள் ஓட்டினார். மற்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இதே காலத்தில் இதய மாற்றின் நிலையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அந்த நோயாளியும் 18 நாட்களில் இறந்தார். 1968-இல் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இதயங்களை மாற்றினார்கள். பெரும்பாலானோர் இறந்ததும் ஒவ்வொரு மருத்துவமனையாக நிறுத்திக்கொண்டது. விடாமல் தொடர்ந்த மிகச் சில குழுக்களில் முதன்மையானது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த நார்மன் ஷம்வேயின் குழு. 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஃபிலிப் கேவ்ஸ், கழுத்துச் சிரை வழியாக மெல்லிய கருவியை விட்டு இதயத் தசையில் சிறு துணுக்கை எடுத்து, நிராகரிப்பை முன்கூட்டியே பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார். எதனால் இறக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டும் நிலை வந்தது.

நுரையீரலுக்கு மட்டும் ஏன் அந்த வழி திறக்கவில்லை? அதே மருந்துகள்தான். அதே மாதிரி ரத்தக்குழாய்களை இணைக்கும் கைத்திறன்தான்.

1978-இல் டொராண்டோவில் நடந்தது

டொராண்டோ பொது மருத்துவமனையின் நெஞ்சறுவைப் பிரிவை அப்போது நடத்தியவர் கிரிஃபித் பியர்சன். மூச்சுக்குழாய் அறுவைகளில் உலக அளவில் பெயர் எடுத்த பிரிவு அது. அங்கே ஜோயல் கூப்பர் உள்ளிட்ட குழு 1978-இல் ஒரு நோயாளிக்கு நுரையீரலை மாற்றியது. தீப்புகையால் நுரையீரல் பாழாகி, வென்டிலேட்டரை விட்டு இறங்க முடியாத நிலையில் இருந்தவர். புதிய நுரையீரல் வேலை செய்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் மூச்சுக்குழாய்த் தையல் பிரிந்து அவர் இறந்தார்.

அதுவரை உலகில் நடந்த மற்ற முயற்சிகளை இதோடு வைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதல் சில நாட்களில் இறந்தவர்கள் தொற்று, நிராகரிப்பு, ஏற்கெனவே மோசமாக இருந்த உடல்நிலை எனப் பல காரணங்களால் போனார்கள். இரண்டு வாரங்களைத் தாண்டியவர்களிடம் மட்டும் ஒரு காரணம் மற்றவற்றை விட ஓங்கி நின்றது. மூச்சுக்குழாயை இணைத்த தையல் ஆறவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நுரையீரலின் ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நுரையீரலுக்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. ஒன்று, இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வரும் நுரையீரல் தமனி. இது ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள வரும் ரத்தம், அதாவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். இரண்டாவது, பெருந்தமனியிலிருந்து பிரிந்து மூச்சுக்குழாயின் சுவருக்கு ஊட்டம் கொடுக்கும் மிகச் சிறிய தமனிகள். மாற்று அறுவையில் மூன்று இணைப்புகளைத் தைப்பார்கள்: மூச்சுக்குழாய், நுரையீரல் தமனி, பிறகு நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இதய மேலறையின் ஒரு துண்டு. அந்தச் சின்னத் தமனிகளை யாரும் இணைப்பதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான்; தேடிப் பிடித்துத் தைப்பது அவ்வளவு சிரமம்.

ஆகவே தானமாக வந்த நுரையீரலின் மூச்சுக்குழாய் முனை, அறுவை முடிந்த கணத்திலிருந்து நேரடி ஊட்டம் இல்லாமல் இருக்கிறது. நுரையீரலுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிக் கசிந்து வரும் ரத்தம்தான் அதற்குக் கதி. அதிலும் ஆக்சிஜன் குறைவு. தையல் இடத்தைத் தாண்டிப் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து வர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில்தான் நிராகரிப்பைத் தடுக்க நோயாளிக்கு ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்தார்கள். புண் ஆறுவதை ஸ்டீராய்டு தாமதப்படுத்தும் என்பது அறுவை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூச்சுக்குழாய் உள்நோக்கியில் பார்த்தால் இது கண்முன்னே நடக்கும். முதலில் தையலுக்கு அப்பால் இருக்கும் உட்சவ்வு வெளிறிப்போகும். பிறகு சாம்பல் நிறம், அப்புறம் கருப்பு. சவ்வு உரிந்து, தையல் நூல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். குருத்தெலும்பு வளையங்கள் இருக்கும் முன்பக்கம் விறைப்பாகவே நிற்கும். ஒரு பக்கத்தில் சின்னப் பிளவு விழும். அந்தப் பிளவு வழியாகக் காற்றும் கிருமியும் நெஞ்சுக்கூட்டுக்குள் புகும். நோய் எதிர்ப்பை மருந்தால் அடக்கிவைத்திருக்கும் ஒருவருக்கு அதிலிருந்து மீள்வது அன்றைக்கு நடக்காத காரியம்.

ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆண்டுகள்

கூப்பரின் குழு கேள்வியைச் சுருக்கிக்கொண்டது. நுரையீரல் மாற்று ஏன் தோற்கிறது என்பது பெரிய கேள்வி. மூச்சுக்குழாய்த் தையல் ஏன் ஆறவில்லை என்பது சோதனைக்குள் அடங்கும் கேள்வி.

சோதனையை அமைத்த விதம்தான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாய்களின் நுரையீரலை வெட்டி எடுத்து, அதே நாய்க்கே திரும்ப வைத்துத் தைத்தார்கள். சொந்த உறுப்பு என்பதால் நிராகரிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் சின்னத் தமனிகள் அறுந்திருக்கும், தையல் இருக்கும், ரத்தப் பஞ்சமும் இருக்கும். நிராகரிப்பா, மருந்தா, ரத்தக் குறைவா என்று மூன்றும் பின்னிக் கிடந்த சிக்கலில் ஒரு இழையை இப்படி உருவி எடுத்துவிட்டார்கள். பிறகு சில நாய்களுக்கு மருந்து கொடுக்கவில்லை. சிலவற்றுக்கு வழக்கமான மருந்துகளைக் கொடுத்தார்கள். தையல் எவ்வளவு இழுவிசையைத் தாங்குகிறது என்று அளந்தார்கள்.

கிடைத்த பதில் தெளிவாக இருந்தது. ஸ்டீராய்டு பெற்றவற்றில் தையல் பலவீனமாக இருந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அசாதயோபிரின் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. சில ஆண்டுகள் கழித்து சைக்ளோஸ்போரின் கைக்கு வந்தபோது அதையும் இதே முறையில் சோதித்தார்கள். அதுவும் தையல் ஆறுவதைத் தடுக்கவில்லை. சைக்ளோஸ்போரின் நிராகரிப்பை நன்றாக அடக்கும் மருந்து என்பதை மற்றவர்கள் காட்டியிருந்தார்கள். டொராண்டோவுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு விஷயம்: இந்த மருந்து இருந்தால் முதல் வாரங்களில் ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கலாம்.

அடுத்தது ரத்தக் குறைவு. குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்புச் சவ்வு ஒன்று வயிற்றுக்குள் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஒமெண்டம் என்பார்கள். ரத்தக்குழாய்கள் நிறைந்த சவ்வு. எங்கே புண் இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு அங்கே புதிய குழாய்களை வளர்க்கும் தன்மை கொண்டது. மேல்வயிற்றில் சிறிய கீறல் போட்டு, ரத்த ஓட்டம் அறுபடாமல் அதன் ஒரு பகுதியை மார்பெலும்புக்குப் பின்னால் மேலே இழுத்து, மூச்சுக்குழாய்த் தையலைச் சுற்றிப் போர்த்தினார்கள். நாய்களில் சில நாட்களுக்குள்ளேயே ஒமெண்டத்திலிருந்து மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் பாய ஆரம்பித்தது.

இதற்கிடையே 1981 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டில் ப்ரூஸ் ரைட்ஸ், இதயத்தையும் இரண்டு நுரையீரல்களையும் ஒரே தொகுப்பாக மாற்றி வெற்றி கண்டார். அந்த நோயாளி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஒற்றை நுரையீரலே பிழைக்காதபோது இவ்வளவு பெரிய தொகுப்பு எப்படிப் பிழைத்தது? சைக்ளோஸ்போரின் ஒரு காரணம். இன்னொன்று உடற்கூறு. இதயத் தமனிகளுக்கும் மூச்சுக்குழாய்ச் சுவருக்கும் இடையே இயற்கையாகவே சிறு இணைப்புக் குழாய்கள் இருக்கின்றன. இதயம் கூடவே வருவதால் அவை வழியாகத் தையலுக்கு நல்ல ரத்தம் போய்ச் சேர்ந்தது. ரத்தம் போனால் தையல் ஆறும் என்பதற்கு, டொராண்டோவின் கேள்விக்கு வெளியிலிருந்து வந்த சாட்சி இது.

யாருக்குச் செய்வது

1983-இல் அந்த 58 வயது நோயாளியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னாலும் இதே அளவு யோசனை இருந்தது. நுரையீரல் நார்த்தழும்பு நோயில் பழைய நுரையீரல் இறுகிப்போயிருக்கும். காற்று உள்ளே போக மறுக்கும். ரத்தக்குழாய்களிலும் எதிர்ப்பு அதிகம். ஒரு பக்கம் புதிய, மிருதுவான நுரையீரலை வைத்தால் காற்றும் ரத்தமும் இரண்டும் அந்தப் பக்கமே போகும். ஒரே ஒரு நுரையீரல் வைத்தாலும் போதும் என்பதற்கு உடலே ஒத்துழைக்கும் நோய் இது.

எம்ஃபிசீமா என்னும் நுரையீரல் வீக்க நோயில் நிலைமை நேர்மாறு. பழைய நுரையீரல் தளர்ந்து ஊதிக்கிடப்பதால் காற்று அங்கே போகும், ரத்தம் புதிய பக்கம் போகும். இரண்டும் பொருந்தாது என்ற பயம் இருந்தது. (அந்தப் பயம் மிகையானது என்று 1980-களின் இறுதியில் தெரியவந்தது. எம்ஃபிசீமா நோயாளிகள் பலருக்கு ஒற்றை நுரையீரல் மாற்று பலன் தந்தது.)

இன்னும் சில நிபந்தனைகளும் வைத்தார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் கூடாது. உடலில் தொற்று இருக்கக் கூடாது. ஸ்டீராய்டை அறுவைக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். 1963-இலும் 1978-இலும் சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்குத்தான் கடைசி முயற்சியாக இதைச் செய்தார்கள். இழக்க எதுவும் இல்லாதவருக்குத்தானே புதிய சிகிச்சையைச் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் இரக்கத்தில் பிறந்ததுதான். ஆனால் அந்த எண்ணமே முடிவுகளைக் கெடுத்தது. நோயாளி எதனால் இறந்தார், சிகிச்சை தோற்றதாலா, ஏற்கெனவே உடல் தாங்காததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

1983 நவம்பரில் இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தன: முதல் வாரங்களில் ஸ்டீராய்டு இல்லாத மருந்துத் திட்டம், ஒமெண்டப் போர்வை, சரியான நோயாளி. தையல் ஆறியது.

காரணம் தவறு, பலன் சரி

இனி வருவது பலரும் சொல்லாமல் விடும் பகுதி. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த மூன்றில் இரண்டு கேள்விக்குள்ளாயின.

ஒமெண்டத்தைப் போர்த்தியவர்களையும் போர்த்தாதவர்களையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றையும் திறக்க வேண்டியிருப்பதால் சிக்கல்தான் கூடுதல். பெரும்பாலான மையங்கள் அதைக் கைவிட்டன. ஆரம்பத்திலேயே மிதமான அளவில் ஸ்டீராய்டு கொடுத்தாலும் தையல் பிரிவது கூடவில்லை என்றும் தெரிந்தது. நிராகரிப்பு குறைந்தால் நுரையீரலுக்குள் ரத்த ஓட்டம் சீராகி, தையலுக்குப் பின்னோக்கிப் போகும் ரத்தமும் கூடுகிறது. இன்று நுரையீரல் மாற்று செய்துகொள்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு எடுக்கிறார்கள்.

அப்படியானால் 1983-இன் வெற்றி தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. தையலின் ரத்த ஓட்டம்தான் பிரச்சினை என்ற அடிப்படைக் கண்டுபிடிப்பு இன்றுவரை அசையவில்லை. அதைச் சரிசெய்ய அவர்கள் அன்று பிடித்த இரண்டு வழிகளை விட எளிய வழிகள் பிறகு கிடைத்தன. தானமாக வந்த மூச்சுக்குழாயை மிகக் குட்டையாக, நுரையீரலின் மேல்மடல் கிளைக்கு ஒன்றிரண்டு வளையங்கள் முன்னால் வெட்டிவிடுவது அதில் முதன்மையானது. ரத்தம் பின்னோக்கி வர வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது. உறுப்பைக் குளிர்வித்துப் பாதுகாக்கும் திரவங்களும் மேம்பட்டன.

இந்தத் தூரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இரட்டை நுரையீரல் மாற்று காட்டிக்கொடுத்தது. 1986-இல் டொராண்டோவில் முதல் வெற்றிகரமான இரட்டை மாற்று நடந்தபோது இரண்டு நுரையீரல்களையும் ஒரே தொகுப்பாக வைத்து, பிரதான மூச்சுக்குழாயில், அதாவது இரண்டாகப் பிரிவதற்கு மேலே, ஒரே தையல் போட்டார்கள். ஒரே தையல் என்பது கேட்க எளிது. ஆனால் அந்த இடம் நுரையீரலிலிருந்து தொலைவு. மற்ற நோயாளிகளுக்குச் செய்தபோது தையல் பிரிவது திரும்பவும் தலைகாட்டியது. பிறகு அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸுக்கு இடம் மாறிய கூப்பரின் குழு, ஒவ்வொரு நுரையீரலையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக, நுரையீரலுக்கு அருகிலேயே தைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தையல் இரண்டானது, பிரிவது குறைந்தது. இன்று உலகெங்கும் இரட்டை மாற்று இப்படித்தான் நடக்கிறது.

மூச்சுக்குழாய்ச் சிக்கல் முழுக்க ஒழிந்துவிடவில்லை. தழும்பேறிச் சுருங்குவது இன்னும் நடக்கிறது. பலூன் வைத்து விரிப்பதும் ஸ்டென்ட் வைப்பதும் வழக்கம். ஆனால் அதனால் உயிர் போவது அரிதாகிவிட்டது.

தையலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது

மூன்றாவது வாரத்தைத் தாண்டி வாழ ஆரம்பித்ததும்தான், நுரையீரல் மாற்று பெற்றவர்கள் நான்காவது, ஐந்தாவது ஆண்டுகளில் எதனால் இறக்கிறார்கள் என்பது தெரியவந்தது. சிறு மூச்சுக்கிளைகள் தழும்பேறி மெல்ல அடைத்துப்போகின்றன. இதை நாள்பட்ட நிராகரிப்பு என்பார்கள். 1993-இல் இதற்கு ஒரு பொது வரையறையைச் சர்வதேச இதய நுரையீரல் மாற்றுச் சங்கம் வகுத்தது. நோயாளி ஒரே மூச்சில் வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவுதான் அளவுகோல். அறுவைக்குப் பிறகு அவர் எட்டிய சிறந்த அளவிலிருந்து 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்து, அது மீளவே இல்லை என்றால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது.

அந்தச் சங்கம் நடத்தும் பதிவேட்டின் எண்களை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 1990-களில் நுரையீரல் மாற்று பெற்ற பெரியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் சுமார் 4.7 ஆண்டுகள். 2010-க்குப் பிறகு மாற்று பெற்றவர்களுக்கு அது சுமார் 6.7 ஆண்டுகள். முன்னேற்றம்தான். ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் ஆண்டில் கிடைத்தது. முதல் ஆண்டைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிந்தைய ஆண்டுகளின் சரிவு அவ்வளவாக மாறவில்லை. இதய மாற்றில் பாதிப் பேர் 12 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றையும் கிருமியையும் சந்திக்கும் உறுப்பு. இதயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே 'எங்கள் மையத்தில் ஓராண்டு உயிர்வாழ்வு இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண்ணைக் கேட்டதும் நிம்மதியடைய எனக்கு மனம் வருவதில்லை. அந்த எண் அறுவைக் கூடத்தையும் ஐ.சி.யு.வையும் பற்றிச் சொல்கிறது. நோயாளி தெரிந்துகொள்ள விரும்புவது அதற்குப் பின்னால் வரும் வருடங்களைப் பற்றி.

முதல் 72 மணி நேரம்

நாள்பட்ட நிராகரிப்பின் வேர்களில் ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் வந்து நின்ற இடம், அறுவை முடிந்த முதல் மூன்று நாட்கள். குளிரில் ரத்த ஓட்டமின்றிக் கிடந்த நுரையீரலுக்குள் திடீரென ரத்தம் பாயும்போது திசு அடிபடுகிறது, நீர் கோர்க்கிறது. இந்த ஆரம்பகட்டச் செயலிழப்பை 72 மணி நேரம் வரை ரத்த ஆக்சிஜன் அளவையும் எக்ஸ்ரேயையும் வைத்து 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரத்தில் விழுந்தவர்களுக்கு முதல் மாதங்களில் இறப்பும் அதிகம். தப்பிப் பிழைத்தால் பின்னாளில் நாள்பட்ட நிராகரிப்பும் அதிகம்.

அப்படியென்றால் நுரையீரலை உடலுக்குள் வைக்கும் முன்பே அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியுமா? ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் இதைச் செய்து காட்டினார். இதயம் நின்று இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த நுரையீரலை உடலுக்கு வெளியே, உடல் வெப்பத்தில், தனித் திரவத்தை ஓடவிட்டு, காற்றும் ஊதிச் சோதித்துப் பார்த்துப் பிறகு 2000-இல் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். டொராண்டோவில் ஷாஃப் கேஷவ்ஜீயும் மார்செலோ சைபலும் அதை மணிக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்காமல் ஓட்டக்கூடிய முறையாக வளர்த்தார்கள்.

அவர்களின் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சந்தேகத்துக்கு இடமான, வேறு சூழலில் ஒதுக்கியிருக்கக்கூடிய 23 தானங்களின் நுரையீரல்களைக் கருவியில் நான்கு மணி நேரம் ஓட்டினார்கள். 20 தேறின, அவற்றைப் பொருத்தினார்கள். வழக்கமான முறையில் பொருத்திய 116 பேரோடு ஒப்பிட்டபோது, 72 மணி நேரத்தில் கடும் செயலிழப்பு கருவிக் குழுவில் 15 சதவீதம், மற்றதில் 30 சதவீதம். இதைப் பாதியாகக் குறைந்தது என்று படிக்கக் கூடாது. 20 பேர் என்பது சிறிய குழு. வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றே புள்ளியியல் சொன்னது. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வும் இல்லை. ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியும் வேறு: ஒதுக்கிய நுரையீரலைச் சோதித்துப் பொருத்தினால் நோயாளிக்குக் கூடுதல் கெடுதல் வருமா? வரவில்லை. தானமாகக் கிடைக்கும் உடல்களில் ஐந்தில் ஒன்றிலிருந்துதான் நுரையீரல் பயன்பட்டது என்ற நிலையில் இந்தப் பதிலே பெரிது. காத்திருப்போர் பட்டியலில் இறப்பவர்கள் யாருடைய வெற்றிச் சதவீதத்திலும் வருவதில்லை.

யாரிலிருந்து எண்ண ஆரம்பிப்பது

இந்தக் கடைசி விஷயத்தை அமெரிக்கா 2005-இல் நேருக்கு நேர் சந்தித்தது. அதற்கு முன் நுரையீரல் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் காத்திருந்த காலமே முடிவு செய்தது. முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில். எம்ஃபிசீமா நோயாளிகள் வருடக்கணக்கில் காத்திருக்க முடியும். நார்த்தழும்பு நோயாளிகளோ சில மாதங்களில் இறந்துபோவார்கள். எனவே வரிசை நியாயமாகத் தெரிந்தாலும் நோய் வேகமாக முற்றுபவர்கள் அதில் பின்தங்கினார்கள்.

2005 மே மாதம் புதிய மதிப்பெண் முறை வந்தது. மாற்று இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் எவ்வளவு ஆபத்து, மாற்று கிடைத்தால் ஓராண்டில் எவ்வளவு பலன் என்று இரண்டையும் கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். பட்டியலில் காத்திருந்து இறப்பவர்கள் குறைந்தார்கள். நார்த்தழும்பு நோயாளிகளுக்கு மாற்று கிடைப்பது கூடியது. இன்னும் மோசமான உடல்நிலையில் இருப்பவர்களுக்கு அறுவை நடந்தும் ஓராண்டு உயிர்வாழ்வு சரியவில்லை. ஆனால் பலனை ஓராண்டுக்கு மட்டும் கணக்கிட்டது அந்த முறையின் குறை. 2023 மார்ச்சில் அதற்குப் பதிலாக வந்த முறை, ஐந்து ஆண்டு பலனையும் கணக்கில் எடுக்கிறது.

அறுவை நாளிலிருந்து எண்ணினால் ஒரு மையம் நல்ல எண் காட்ட எளிய வழி, கடினமான நோயாளியை ஏற்காமல் விடுவது. பட்டியலில் பெயர் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அந்த வழி அடைபடுகிறது. மையங்களை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இந்த இரண்டாவது எண்தான் முதலில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது டொராண்டோவில் தொடரும் வேலை குளிரைப் பற்றியது. பனிக்கட்டியில் சுமார் 4 டிகிரி செல்சியஸில் வைப்பது பல பத்தாண்டு வழக்கம். 10 டிகிரியில் வைத்தால் செல்லுக்குள் ஆற்றல் தரும் பகுதிகள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்து, 2021 முதல் நோயாளிகளிடமும் முடிவுகள் வரத் தொடங்கின. நள்ளிரவில் வரும் நுரையீரலைப் பாதுகாத்து வைத்து, மறுநாள் பகலில் குழு தூங்கி எழுந்து அறுவை செய்யலாம். 72 மணி நேர அளவில் இதுவரை கெடுதல் தெரியவில்லை. நாள்பட்ட நிராகரிப்பு ஏதாவது குறைந்ததா என்பதற்கு, அந்த நோயாளிகள் ஐந்தாவது ஆண்டில் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதுகிறார்கள் என்ற அளவு வேண்டும்.